ஒரே மாலையில் மாற்றிய சட்டைகள்

இன்று காலை யன்னலைத் திறந்தபோது சாணி நாற்றம் முகத்தில் அடித்தது. மார்ச் மாதம். குளிர்காலம் முழுக்கத் தொட்டியில் சேர்த்து வைத்த சாணிக் கரைசலை உழவு இயந்திரத்தில் ஏற்றிப் புல்வெளியில் விசிறத் தொடங்கிவிட்டார்கள். கீழ்வீட்டுக்காரி தன் யன்னல்களை ஒவ்வொன்றாக அடித்துச் சாத்தினாள். இந்தத் தொடர்மாடிக்கு நான் வந்து எத்தனையோ வருடம். அவளும் நானும் ஒரு வணக்கத்துக்கு மேல் கதைத்ததில்லை. நான் யன்னலைச் சாத்தவில்லை. அந்த நாற்றத்தோடு நீயும் உள்ளே வந்துவிட்டாய். வோன்மொபில் என்கிற வீட்டுவண்டியின் படியில் குந்தியிருந்து, நீலக்கட்டச் சட்டையின் கடைசிப் பொத்தானைப் போடமுடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டு, "டேய் பட்டதாரி, வெளிச்சம் போகுது, கெதியா வா" என்று கத்துகிறாய்.

உனக்கு எழுதிப் பயனில்லை என்று தெரியும். உயிரோடு இருந்தபோதே என் பேச்சை நீ கேட்டதில்லை. ஆனாலும் நீ போன பிறகு நடந்ததை உன்னிடம் யாராவது சொல்லத்தானே வேண்டும். உன் மனைவி சொல்லமாட்டா. அவ இப்போது என்னோடும் கதைப்பதில்லை.

போன ஐப்பசியில் நீ தொலைபேசி எடுத்தாய். அதற்கு முன் நாங்கள் இருவரும் கதைத்தது யாரோ ஒருவரின் மகளுடைய கலியாண மண்டபத்தில், கைகழுவும் இடத்தில். "சுகமோ?" "ஓம்." அவ்வளவுதான். உனக்கு வருத்தம் என்று திரிம்பாக்கில் உள்ள தமிழ்க் கோயிலில் கேள்விப்பட்டிருந்தேன். கணையத்தில் புற்றுநோய், டொக்டர்மார் கையை விரித்துவிட்டார்கள் என்று, சுண்டல் வாங்குகிற வரிசையில் நின்று இரண்டு பேர் குசுகுசுத்தார்கள். நான் உனக்கு எடுக்கவில்லை. நீதான் எடுத்தாய்.

"மச்சான், ஒரு வோன்மொபில் வாடகைக்கு எடுத்திருக்கிறன். கட்டில், குசினி, கக்கூசு எல்லாம் உள்ளுக்கை. எமன்டால் பக்கம் ஒரு பண்ணையிலை ஒரு இரவு நிப்பாட்டலாமாம். நீதான் ஓட்டவேணும். எனக்கு இப்ப ஓட்டக் கூடாது."

"ஏன் என்னைக் கேக்கிறாய்? உனக்கு ஆக்கள் இல்லையோ?"

"இருக்கினம். எல்லாரும் என்னைக் கண்டால் அழுகினம். நீ அழமாட்டாய்."

உண்மைதான். நான் அழமாட்டேன் என்பதற்கான காரணத்தை உனக்குத் தந்தவனும் நீதான். இந்த மடலை வேறு யாரும் வாசிக்க நேர்ந்தால் அவர்களுக்கும் விளங்கட்டும், அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். டாவோஸில் ஒரு பெரிய ஹோட்டலின் குசினி. நீயும் நானும் இன்னும் மூன்று தமிழரும் கோப்பை கழுவினோம். நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து முடித்தவன், நீ பத்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் கோப்பை கழுவுகிற இயந்திரத்துக்கு அது தெரியாது. நிலக்கீழ் அறையில் ஒரே கட்டிலின் மேலும் கீழும் படுத்தோம். அந்தக் குளிர்காலத்தில் ஊரில் என் அம்மா செத்துப்போனா. கொழும்பில் இருந்த உன் மாமா மூலம் செய்தி வந்தது. குசினிச் சுவரில் இருந்த தொலைபேசியை நீதான் எடுத்தாய். நான் அப்போது உனக்குப் பின்னால் நின்று சட்டி தேய்த்துக்கொண்டிருந்தேன். "என்னவாம்?" என்று கேட்டேன். "ஒண்டுமில்லை, மாமாவுக்குச் சளியாம்" என்றாய்.

எனக்கு அகதி விண்ணப்ப விசாரணை வர இருந்தது. சொன்னால் நான் உடைந்துபோய் அங்கே எதையாவது மாறிச் சொல்லிவிடுவேன் என்று நீ நினைத்தாய். சரி. விசாரணை முடிந்தது. பிறகு நத்தார்ப் பண்டிகை வந்தது, வேலை கூட என்றாய். பிறகு வருடப் பிறப்பு. நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம் என்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் போய்விட்டது. மற்ற மூன்று பேருக்கும் தெரியும். அந்த நாட்களில் அவர்கள் என்னோடு எவ்வளவு அன்பாக இருந்தார்கள்! பெரிய சட்டிகளை என் கையிலிருந்து வாங்கித் தாங்களே தேய்த்தார்கள். சமையற்காரன் மிச்சம் வைத்த இறைச்சியில் நல்ல துண்டு எனக்குத்தான். இந்த மனிதர்களுக்கு என்னைப் பிடித்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். அந்த அன்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அம்மாவுக்கு நான் கடிதம் எழுதினேன். "தா, நான் போட்டுவிடுறன்" என்று வாங்கிக்கொண்டு போய், செத்தவவின் பெயர் எழுதிய உறையை நீ தபாற்பெட்டியில் போட்டுவிட்டு வந்தாய்.

கடைசியில் நீ சொன்னபோது, நான் கொள்ளி வைக்க வேண்டியவன், மூத்த மகன், என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். நீ சொன்னாய், "நாள் போயிட்டுது மச்சான். இனிக் குளிச்சால் காணும்."

குளித்தேன். பணியாளர் குளியலறையில், ஒரு போர்த்துக்கீசன் வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்க. என் அம்மாவுக்கு நான் செய்த கடன் அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் சூக் நகரத்தில் வங்கிக் கட்டடங்களில் தரை துடைத்தேன், பிறகு ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பார்த்தேன், கலியாணம் கட்டினேன், பிரிந்தேன். எத்தனையோ பேர்மீது எனக்குக் கோபம். என் பட்டத்தைப் பார்த்துவிட்டு "இது என்ன நாட்டு எழுத்து?" என்று சிரித்த அலுவலர்மீது, என்னோடு ஜெர்மன் மட்டும் கதைக்கிற என் பிள்ளைகள்மீது. ஆனால் அதெல்லாம் சில்லறைக் கோபம். பெரியதை உனக்கென்று வைத்திருந்தேன். நீ சாகப்போகிறாய். சாகமுன் "நான் செய்தது பிழை" என்று ஒரு வார்த்தை சொல்வாய் என்று நினைத்தேன். அதைக் கேட்கத்தான் வந்தேன். உன்னைப் பார்க்க அல்ல.

நீ முன் இருக்கையில் இருந்தாய். உன் மனைவி வசந்தி பின்னால், மேசைக்குப் பக்கத்தில். அந்த நீளமான வெள்ளை வண்டியை எமன்டாலின் ஒடுங்கிய பாதையில் வளைத்து ஏற்ற எனக்கு வேர்த்துவிட்டது. எதிரே பால் ஏற்றும் வண்டி வந்தது, நான் பின்னால் எடுக்கவேண்டி இருந்தது. நீ சிரித்தாய். "கணிதம் படிச்சவன், கோணம் பிழைக்குது." உன் முகம் மஞ்சளாகிச் சுருங்கிப்போயிருந்தது. சிரிப்பு மட்டும் பழையது. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

பண்ணைக்காரியின் பெயர் ரூத். ஐம்பது வயதிருக்கும். முழங்கால்வரை சப்பாத்து, கையில் வைக்கோல் முள். "க்ரூஸெக்" என்று வணக்கம் சொல்லி மூன்று பேருக்கும் கை தந்தாள். களஞ்சியத்துக்குப் பின்னால் சரளைக்கல் போட்ட இடத்தைக் காட்டினாள். தங்குவதற்குக் காசு இல்லை. வாசலில் உள்ள சின்னக் கடையில் பாலோ முட்டையோ ஏதாவது வாங்கினால் போதும். பால் வண்டி வருகிற வழியை மட்டும் மறிக்கக்கூடாது. பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

"ஒன்று சொல்லவேண்டும். லிண்டாவின் கன்று இன்று காலை செத்துவிட்டது. அவள் கத்திக்கொண்டுதான் இருப்பாள். உங்களுக்கு நித்திரை வராது. வேண்டுமென்றால் அடுத்த பண்ணைக்குச் சொல்லிவிடுகிறேன்."

அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கவனித்தேன். தொழுவத்துக்குள் இருந்து வந்தது. வழமையான மாட்டுச் சத்தம் இல்லை. அடிவயிற்றில் தொடங்கி மேலே ஏறி, உடைந்து, நின்று, கொஞ்சநேரம் காது கொடுத்துக் கேட்பதுபோல இருந்துவிட்டு, மறுபடி தொடங்கும்.

"பரவாயில்லை," என்று நீ உன் ஜெர்மனில் சொன்னாய். "எங்களுக்கு இந்த மலை வேண்டும்."

இந்த மலை எதற்கு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. வண்டிக்குள் ஏறினேன். வசந்தி அலமாரியைத் திறந்து வைத்திருந்தா. உள்ளே உன் சட்டைகள், மடிப்புக் கலையாமல் மினுக்கி, ஒவ்வொன்றாகக் கொழுவியிருந்தன. ஒரு இரவுக்கு அத்தனை சட்டை. குளிர் அங்கி, கம்பளித் தொப்பி, ஒரு பட்டு வேட்டிகூட இருந்தது.

"என்ன, கலியாண வீட்டுக்கோ?" என்று கேட்டேன்.

வசந்தி கக்கூசுக்குள் போய்க் கதவைப் பூட்டினா. நீ படியில் இருந்து சொன்னாய், "அம்மாவுக்கு."

பிறகு விளக்கினாய். கடைக்குப் போகிறவனிடம் சாமான் விவரம் சொல்வதுபோலத்தான் சொன்னாய். ஊரில் உன் அம்மா இருக்கிறா. இதயம் பலவீனம். உன் வருத்தம் அவவுக்குத் தெரியாது. நீ செத்தாலும் தெரியக்கூடாது. அதனால் இன்றைக்கு இங்கே வெவ்வேறு சட்டையில், வெவ்வேறு இடத்தில் நின்று நீ கதைப்பாய். பொங்கலுக்கு ஒன்று, சித்திரை வருடப் பிறப்புக்கு ஒன்று, அவவின் பிறந்தநாளுக்கு ஒன்று, சும்மா சுகம் விசாரிக்கச் சில. நான் உன் தொலைபேசியில் படம் பிடிக்கவேண்டும். நீ போன பிறகு ஒவ்வொன்றாக அனுப்பவேண்டும். புதுவேலை மலையில், அங்கே நேரே கதைக்க இணைப்புக் கிடைக்காது என்று அம்மாவிடம் முன்னமே சொல்லிவிட்டாய். அவவோடு இருக்கிற உன் மாமி மகளுக்கு எல்லாம் தெரியும். ஊருக்கும் தெரியும். அவவின் வீட்டுத் தெரு, அந்த ஒழுங்கை முழுக்க வாயைப் பொத்திக்கொண்டிருக்கும்.

நான் வண்டியின் திறப்பை மேசையில் போட்டேன்.

"உனக்கு வெக்கமில்லையோ? உலகத்திலை இத்தனை பேர் இருக்க, இதுக்கு என்னையோ கூட்டிக்கொண்டு வந்தனி?"

"உன்னைத்தான்."

"என்ரை அம்மாவை மறைச்சனி. இப்ப உன்னையே மறைக்கச் சொல்லுறாய், அதுவும் என்னைக் கொண்டு."

"மச்சான், அவ ஒரு பிள்ளையைச் சண்டைக்குக் குடுத்தவ. உடம்பு கூடக் கிடைக்கேல்லை. இன்னொண்டையும் குடுக்க அவவாலை ஏலாது."

"ஏலுமோ ஏலாதோ எண்டு அவவெல்லோ சொல்லவேணும்! நீ ஆர் சொல்ல?"

"மகன்," என்றாய்.

தொழுவத்தில் லிண்டா கத்தினாள். நீ கதவைப் பிடித்துக்கொண்டு எழும்பி, வெளிச்சத்தைப் பார்த்தாய். "சண்டையைப் பேந்து பிடிப்பம். சூரியன் மலைக்குப் பின்னாலை போனால் எல்லாம் ஒரே மாதிரித் தெரியும்."

நான் ஏன் தொலைபேசியைக் கையில் எடுத்தேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். நீ உன் பொத்தானைப் போட முயன்று தோற்றுக்கொண்டிருந்தாய். அது ஒரு காரணமாக இருக்கலாம். முதலில் நீலக்கட்டச் சட்டை. உழவு இயந்திரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றாய். "அம்மா, சுகமா இருக்கிறியளே? நான் நல்ல சுகம். இஞ்சை பாருங்கோ, மாடெல்லாம் எங்கடை வீடளவு." நல்ல நடிகன் நீ. டாவோஸில் எனக்கு முன்னாலும் அப்படித்தானே நடித்தாய்.

அதைவிடக் கேவலம், கொஞ்ச நேரத்தில் நானே உன்னைத் திருத்தத் தொடங்கிவிட்டேன். நீ குளிர் அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு புல்வெளியில் நின்று "அம்மா, பொங்கல் வாழ்த்துக்கள்" என்றபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

"பொங்கலுக்கு இஞ்சை புல்லுப் பச்சையா நிக்குமோ? மடையா, வண்டிக்குள்ளை வா. வெள்ளைச் சுவருக்கு முன்னாலை நில்."

"அதுக்குத்தான் படிச்சவனைக் கூட்டிக்கொண்டு வந்தனான்," என்று வசந்தியைப் பார்த்துச் சொன்னாய். வசந்திகூடச் சிரித்துவிட்டா. சிரித்தபடியே அழுதா.

களஞ்சியத்தின் மரக்கதவு, கடையின் முட்டைப் பெட்டிகள், விறகு அடுக்கு, ரூத்தின் நாய். ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டை. மாற்றும்போது உன் விலா எலும்புகளைப் பார்த்தேன். ரூத் ஒரு வாளியோடு அந்தப்பக்கம் வந்தவள், பட்டு வேட்டியோடு நின்ற உன்னைப் பார்த்து, "திருவிழாவா?" என்று கேட்டாள். "அம்மாவுக்கு" என்றாய். தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். மாடு மட்டும் விடவில்லை. அது கத்தும்போது நீ நிறுத்துவாய், அது நிற்கும்வரை பார்த்துவிட்டுத் தொடங்குவாய், பாதியில் அது மறுபடி கத்தும். "இந்தச் சனியனாலை..." என்று பல்லைக் கடித்தாய். கடைசியில் களைத்துப்போய், "கிடக்கட்டும். அம்மாவுக்கு மாட்டுச் சத்தம் பிடிக்கும்" என்றாய்.

வசந்தி புட்டும் முட்டைப் பொரியலும் செய்தா. நீ இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாய். நான் கேட்டேன். அதைக் கேட்கத்தானே வந்தேன்.

"அண்டைக்கு எனக்குச் சொல்லாமல் விட்டது பிழை எண்டு ஒருநாளாவது நினைச்சனியோ?"

நீ கையைத் துடைத்தாய். பொய் சொல்வாய் என்று நினைத்தேன். நீ பொய் சொல்லவில்லை.

"இல்லை. உனக்கு விசா கிடைச்சுது. நீ பைத்தியமாகேல்லை. திரும்ப அப்பிடி வந்தாலும் அப்பிடித்தான் செய்வன்."

"நான் உன்னை மன்னிக்கமாட்டன்."

"தெரியும். அதுதான் உன்னட்டை இதைத் தாறன். மற்ற ஆக்கள் இளகி, ஒருநாள் அழுது, அம்மாவுக்குச் சொல்லிப்போடுவினம். நீ இளகமாட்டாய்."

காலையில் நான் எழும்பியபோது பால் கறந்து முடிந்திருந்தது. நீ எனக்கு முன்னமே எழும்பித் தொழுவ வாசலில், கம்பளியைப் போர்த்துக்கொண்டு ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தாய். லிண்டா அப்போதும் கத்திக்கொண்டிருந்தாள். நீ அவளோடு கதைக்கவும் இல்லை, தடவவும் இல்லை. நான் வருவதைக் கண்டதும் "போவமோ?" என்றாய்.

கார்த்திகையில் நீ போய்விட்டாய். மரண அறிவித்தல் இணையத்தில் போடவேண்டாம் என்று சொல்லியிருந்தாய், போடவில்லை. ஆனாலும் சனம் நிறைய வந்தது. தகனச் சாலைக்கு வெளியே நின்று, கார் நிறுத்த இடமில்லை என்று குறை சொன்னார்கள். தாய்க்குச் சொல்லாமல் விட்டது எவ்வளவு நல்லது, அந்த மனுசி தாங்காது என்று ஒவ்வொருவராக என்னிடம் வந்து சொன்னார்கள். எல்லாருடைய முகத்திலும் டாவோஸ் குசினியின் அந்த அன்பு இருந்தது. வசந்தி உன் தொலைபேசியை என் கையில் வைத்தா. "அண்ணை, நீங்களே அனுப்புங்கோ. அவரின்ரை குரலை என்னாலை கேட்கேலாது."

நான் அனுப்பினேன். முதலில் நீலக்கட்டச் சட்டை. அடுத்தநாளே உன் அம்மாவின் குரல் வந்தது.

"மோனை, நல்லா மெலிஞ்சு போனாய். சட்டை வடிவு. உந்த மாடு ஏனடா உப்பிடிக் கத்துது? கண்டு செத்த மாடெல்லோ அது. அதைப் பாராமல் நிண்டு இளிக்கிறாய்."

உன் அம்மா வீட்டில் இரண்டு மாடு நின்றதை நீ மறந்துவிட்டாய். நானும் நினைக்கவில்லை. புல்லின் நிறத்தை யோசித்தவன் சத்தத்தை யோசிக்கவில்லை. இரண்டாவதை அனுப்பினேன். அதிலும் லிண்டா. பொங்கல் அன்று வெள்ளைச் சுவருக்கு முன்னால் தொப்பியோடு நீ வாழ்த்துச் சொன்னாய். வண்டியின் மெல்லிய சுவருக்கு வெளியே அவள் கத்தினாள்.

"மோனை, உந்த மாடு இன்னும் கத்துதோ? கண்டு செத்தால் ரெண்டு மூண்டு நாள் கத்தும், பேந்து விட்டிடும். இது மாதக்கணக்காக் கத்துது. என்ன மாடடா அது? நான் போனமுறையும் கேட்டனான். நீ அதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை."

நீ எப்படிச் சொல்வாய்? அவ கேட்க முன்னமே எல்லாம் சொல்லி முடித்தவன் நீ. அவ முழங்கால் நோவைச் சொன்னா. அடுத்ததில் நீ விறகு அடுக்குக்கு முன்னால் நின்று "கோயிலுக்கு நடந்து போங்கோ அம்மா, உடம்புக்கு நல்லது" என்றாய். பக்கத்து வீட்டுக்காரர் செத்துப்போனார் என்று அழுதா. நீ நாயைத் தடவிக்கொண்டு சிரித்தாய். எதை அனுப்பினாலும் அவ சொன்னதற்கு மாறாகவே இருந்தது. அனுப்பாமல் விட்டுப் பார்த்தேன், அதற்கும் கோபம். அவவின் குரல் மாறத் தொடங்கியது. கேள்விகள் குறைந்தன. பெண்சாதி சொல்லிக்கொடுக்கிறாளோ என்று வசந்தியைத் திட்டினா. பிறகு மாசியில் ஒருநாள், மூச்சு வாங்கிக்கொண்டு, மெதுவாகச் சொன்னா.

"நீ என்னோடை கதைக்கேல்லை. ஆருக்கோ கதைக்கிறாய். என்னிலை கோவமெண்டால் கோவமெண்டு சொல்லு. நான் செத்தால் நீ கொள்ளி வைக்க வரவேண்டாம். உன்ரை கையாலை எனக்கு நெருப்பு வேண்டாம்."

அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். நீ உன் அம்மாவைக் காப்பாற்றவில்லை. தன் மகன் தன்னைக் கைவிட்டுவிட்டான் என்ற எண்ணத்தோடு அவவைச் சாக விடப்போகிறாய். செத்த பிள்ளைக்குத் தாய் சாபம் போடுகிறா, செத்தது தெரியாமல். எனக்கு மனம் இளகவில்லை. அதில் நீ சொன்னது சரி. எனக்கு வந்தது கோபம்.

அன்றைக்கே என் சொந்தத் தொலைபேசியில், முகம் தெரிகிற அழைப்பாக எடுத்தேன். உன் மாமி மகள் முகத்தைக் கண்டதும் பயந்துவிட்டாள். "வேண்டாம் அண்ணை, உங்களைக் கும்பிட்டன், வேண்டாம்." அதற்குள் உன் அம்மா கேட்டுவிட்டா.

"ஆரது?"

"நான் அம்மா. டாவோஸிலை அவனோடை இருந்தனான்."

"ஓ, அந்தப் படிச்ச பொடியன். அவன் எங்கை?"

"அவன் இல்லை அம்மா."

"எங்கை போயிட்டான்?"

"அம்மா, அவன் செத்துப்போனான். கார்த்திகையிலை. வருத்தம்."

அவ கத்தவில்லை. நெஞ்சைப் பிடிக்கவில்லை. நீங்கள் எல்லாரும் பயந்ததுபோல ஒன்றும் நடக்கவில்லை. படத்தில் அவவின் முகம் அசையாமல் நின்றது, இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு கேட்டா.

"அப்ப பொங்கலுக்கு என்னோடை கதைச்சது ஆர்?"

"அது முந்தி எடுத்து வைச்சது அம்மா."

"ஆர் எடுத்தது?"

"நான்."

"ஆர் அனுப்பினது?"

"நானம்மா."

"நான் பொங்கினனான்," என்றா. "என்ரை பிள்ளை செத்துக் கிடக்க நான் புதுச்சீலை உடுத்திப் பொங்கிச் சாப்பிட்டனான். சனமெல்லாம் வந்து நிண்டு பார்த்தது. எல்லாருக்கும் தெரியும், என்ன? எல்லாருக்கும் தெரியும்." பிறகு தொலைபேசியைத் தன் முகத்துக்குக் கிட்டப் பிடித்தா. "உனக்கு ஒரு தாய் இருக்கேல்லையோடா?"

அதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. டாவோஸ் குசினியிலிருந்து எத்தனையோ வருடமாக வைத்திருந்த பதில். அதைச் சொல்லியிருந்தால் அவவுக்கு என்மீது கோபம் வந்திராது. என்னைப் பார்த்து அழுதிருப்பா. கோபம் முழுக்க உன்னிடம் வந்திருக்கும். நான் சொல்லவில்லை. அவ இணைப்பைத் துண்டித்தா.

அடுத்தநாள் வசந்தி எடுத்து என்னை ஏசினா. "செத்த மனுசனிலை பழி தீர்த்துப்போட்டியள். இதுக்குத்தானே காத்துக்கொண்டு இருந்தனீங்கள்." நான் மறுக்கவில்லை. பாதி உண்மையாக இருக்கலாம். மற்றப் பாதியை அவவுக்கு விளங்கப்படுத்த எனக்கு விருப்பமில்லை.

உன் மாமி மகள் மட்டும் இடைக்கிடை களவாக எனக்கு எடுக்கிறாள். உன் அம்மாவின் இதயம் நிற்கவில்லை. ஐயரைக் கூப்பிட்டு உன் திதியைக் கேட்டு வைத்திருக்கிறா. உன் படத்துக்கு விளக்கு வைக்கிறா. ஒழுங்கைக்காரர் ஒருவரோடும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. விடிய எழும்பி முற்றம் கூட்டும்போதே என் பெயரைச் சொல்லித் திட்டத் தொடங்குகிறாவாம். "உங்களைத் திட்டுறதுக்கெண்டே எழும்புறா அண்ணை. முந்தியெல்லாம் படுத்த படுக்கை." சொல்லிவிட்டு, சிரிக்கலாமோ கூடாதோ என்று தெரியாமல் நிறுத்தினாள்.

மன்னிப்புக் கேட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கோ, ஆறிவிடுவா என்கிறாள். எனக்கும் தெரியும், கேட்டால் அவ தரக்கூடும். அதுதான் எனக்குப் பயம். கோபம் ஒரு ஆளை எவ்வளவு காலம் நிமிர்த்தி வைத்திருக்கும் என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. கொட்டும் பனியில் என்னை எழுப்பி வேலைக்கு அனுப்பியது அதுதான். அந்தப் புட்டுத் தட்டுக்கு முன்னால் நீ "பிழை" என்று சொல்லியிருந்தால் என்னிடம் என்ன மிஞ்சியிருக்கும்? நீ அதை அறிந்துதான் சொல்லவில்லையோ, அல்லது வெறும் பிடிவாதமோ, இனி யாரிடம் கேட்பது?

உன்னை நான் மன்னிக்கவில்லை. ஆனால் ஒன்று மட்டும் சொல்லவேண்டும். கொள்ளி வைக்க வராதே என்று உனக்குச் சொன்னதை உன் அம்மா திரும்ப எடுத்துவிட்டா. உன் படத்துக்கு முன்னால் நின்று, "மோனை, உன்னை ஒண்டும் சொல்லேல்லை, அது உனக்கில்லை" என்றாவாம். தான் செத்தால் தன் வாசலை மிதிக்கக்கூடாதவன் இப்போது நான். சரி. அந்தச் சாபம் என்னிடமே இருக்கட்டும்.